மூன்று முறை பிடித்துத் தைத்த சுடிதார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. என் மகளைக் காப்பாற்றிக் கொடுத்த பி.டி. டீச்சரை எனக்குப் பிடிக்காது. நன்றி நிறைய இருக்கிறது. ஐந்து வேளைத் தொழுகையிலும் அவருக்காக துஆ கேட்கிறேன். அவருடைய இரண்டு பையன்களும் நன்றாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். கேட்டு முடித்துப் பாயைச் சுருட்டும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

என் மகள் ரிஸ்வானா, வீட்டில் ரிசு, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன செப்டம்பரில் பதினோரு நாள் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்கு வந்தது சாப்பிட முடியாமல் போகிற நோய். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசச் சொல்லி ஹெச்.எம். கேட்டார்கள். மைக்கைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்றேன். ரிசுவிடமும் கேட்டேன். "எழுதுங்கம்மா. வெயிட் எவ்வளவு, இடுப்பு எவ்வளவுன்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள். டாக்டரும் அதையேதான் சொன்னார். இந்த நோய் உள்ள பிள்ளைகள் அந்த எண்ணைப் பார்த்தால் தங்கள் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். அதனால் இதில் உடம்பு அளவு எதுவும் இருக்காது. டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வாழ்கிறவளுக்கு அது சிரமம்தான்.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்குக் கிழக்கே, கடலுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. கடைத்தெருவில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். இருபது வருஷமாகத் தைக்கிறேன். ரோட்டில் நடந்து போகிற பெண்ணைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவேன். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் நகையை எல்லோரும் பார்ப்பார்கள், நான் தோள்பட்டைத் தையலைப் பார்ப்பேன். இவ்வளவு கண்ணை வைத்துக்கொண்டுதான் என் மகளைப் பார்க்காமல் விட்டேன்.

போன ரமலானில் ரிசு முப்பது நோன்பும் வைத்தாள். அப்போது பத்தாம் வகுப்பு, பொதுத் தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "படிக்கிற புள்ள, ரெண்டு மூணு விட்டாலும் பின்னாடி புடிச்சுக்கலாம்" என்று சொன்னேன். கேட்கவில்லை. பிறகு நானே பெருமையில் மிதந்தேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும், "என் மக ஒரு நோம்பு விடல" என்று சொன்னேன். குவைத்தில் இருக்கிற அவளுடைய அத்தாவிடம் போனில் மூன்று தடவை சொன்னேன். தையல்காரிக்கு ரமலான் என்றால் பெருநாள் துணிதான். விடிய எழுந்து மெஷினில் உட்கார்ந்தால் நோன்பு திறக்கிற நேரத்தில்தான் தலையை நிமிர்த்துவேன். பிள்ளை தொல்லை தராமல் இருக்கிறாளே என்று நிம்மதியாக இருந்தது.

பெருநாள் முடிந்ததும், விரும்பியவர்கள் வைக்கிற ஆறு நோன்பையும் வைத்தாள். அது முடிந்ததும் வாராவாரம் திங்களும் வியாழனும் வைத்தாள். நல்ல பிள்ளை என்று தெருவில் பேர். சமையலும் பழகிக்கொண்டாள். போனைப் பார்த்துப் பார்த்துப் புதுசு புதுசாகச் செய்து எனக்கும் அவள் தம்பிக்கும் பரிமாறுவாள். கடையில் கை ஒழியாமல் இருந்தால் எனக்கு ஊட்டியும் விடுவாள். தனக்கு எடுத்துக்கொண்டாளா என்று நான் பார்க்கவில்லை. கேட்டால் "செய்யும்போதே சாப்புட்டேன்" என்பாள். நோன்பு இல்லாத நாட்களில் டிபன் டப்பா காலியாகத்தான் திரும்பி வந்தது.

ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குப் புதுச் சீருடைச் சுடிதார் தைத்தேன். ஜூலையில் லூசாக இருக்கிறது என்றாள். துணி மட்டம், துவைத்ததும் நெகிழ்ந்துவிட்டது என்று ஜவுளிக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் பிடித்துத் தைத்தேன். ஆகஸ்ட் ஆரம்பத்தில் இன்னொரு தடவை பிடித்தேன். உயரமாகிற வயசு, உடம்பு ஒட்டத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகஸ்ட் கடைசியில் மூன்றாவது தடவை. அன்றைக்குக் கடையில் இருந்த ஒரு அக்கா, "ஒம் மகளுக்கு என்னத்தக் குடுக்குற? நடிகை மாதிரி ஆயிட்டா" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த வாரமே ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தமயந்தி டீச்சர் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லித் தருகிற பி.டி. டீச்சர். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். மாம்பழ நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணியை மேஜையில் வைத்தார்.

"அக்கா, இதத் தைக்கணும். அளவு எடுத்துருங்க."

நான் அளவு சொல்லச் சொல்ல, என்னிடம் வேலை பார்க்கும் செல்வி நோட்டில் எழுதுவது வழக்கம். டீச்சர் செல்வியைப் பார்த்துவிட்டு, "அவங்கள ஒரு டீ வாங்கியாரச் சொல்றீங்களா?" என்றார். செல்வி போனதும் நானே எழுதிக்கொண்டு டேப்பைப் பிடித்தேன். தோள் அளவு எடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"ரிஸ்வானா மத்தியானம் சாப்புடுறதே இல்லீங்க்கா."

"இன்னைக்கு வியாழக்கெழமை டீச்சர். நோம்பு."

"செவ்வா, புதன்லயும் சாப்புடலீங்க. டப்பாவத் தொறந்து பக்கத்துப் புள்ளைகளுக்குக் குடுத்துருது. கிரவுண்டுல நான் ஓடச் சொல்லாமயே ஓடுது. போதும்னாலும் நிக்க மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க நோம்பப் பத்தி ஒங்களுக்கு என்ன டீச்சர் தெரியும்?" என்று கேட்டேன். நல்ல குரலில் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா ரமலான்ல ஒங்க புள்ளைக எங்கிட்ட வந்து, 'டீச்சர், இன்னைக்கு எனக்கு நோம்பு இல்ல, உள்ள வச்சுத் தண்ணி குடிச்சுக்கிறேன்'னு சொல்லும். ஒவ்வொண்ணும் அஞ்சாறு நாளு வரும். என் ரூமுக்குள்ள வந்துதான் டிபனும் சாப்புடும். ரிஸ்வானா ஒரு நாளும் வரல." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "கவர்மெண்டு நாப்கின் அலமாரி சாவி எங்கிட்டதான் இருக்கு. வாங்குனா நோட்டுல கையெழுத்துப் போடணும். பிப்ரவரிக்கு அப்புறம் அவ கையெழுத்தே இல்லீங்க்கா."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாதவிலக்கு நாட்களில் எங்கள் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. விட்ட நாட்களைப் பிறகு வைத்துக்கொள்வோம். வயசுக்கு வந்த பெண் ஒருத்தி முப்பது நோன்பையும் ஒரே மூச்சில் வைத்தாள் என்றால், மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கலாம், அல்லது நின்றே போயிருக்கலாம். எந்தத் தாயும் ஒரு நிமிஷமாவது நின்று அதைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. தெருத்தெருவாகப் பெருமை பேசினேன். வேறு சாதி, வேறு மதம், நோன்பே வைக்காத ஒருத்தர் வந்து என் வீட்டு நோன்பை எனக்கு எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது.

வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். "தைச்சு வக்கிறேன், போயிட்டு வாங்க டீச்சர்" என்று அனுப்பிவிட்டேன். அந்தத் துணியை அலமாரியில் அடித்தட்டில், கிழிந்த உள்பாவாடைகளுக்குக் கீழே திணித்தேன்.

வீட்டுக்குப் போய் ரிசுவைக் கூப்பிட்டு நிறுத்தினேன். "ஒனக்கு மாசா மாசம் வருதா?" என்றேன். "தள்ளித் தள்ளி வருதும்மா" என்றாள். சட்டையைத் தூக்கி முதுகில் கை வைத்தேன். எலும்பு கையில் தட்டியது. முதுகெல்லாம் பச்சைப் பிள்ளைக்கு இருப்பது மாதிரி மெல்லிய பூனை முடி முளைத்திருந்தது. உடம்பில் கொழுப்புக் குறைந்து குளிர் தாங்காமல் போகும்போது அப்படி முளைக்கும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. ஊர் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயிற்றில் புண்ணாக இருக்கலாம் என்று மாத்திரையும் டானிக்கும் கொடுத்தார். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன், அதனால் அவரையும் குறை சொல்ல முடியாது. டீச்சருக்கு மட்டும், "ஒண்ணும் இல்ல, வயித்துப் புண்ணுதான்" என்று சொல்லி அனுப்பினேன். சொல்லும்போது ஜெயித்த மாதிரி இருந்தது.

பத்து நாளில் காலைப் பிரேயரில் ரிசு மயங்கி விழுந்தாள். தரையில் விழுவதற்குள் தாங்கிப் பிடித்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புதுக்கோட்டையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரைகிற பரிசோதனை அது. துடிப்பு மிகவும் மெதுவாக இருக்கிறது என்றார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்புச் சத்து இறங்கியிருந்தது. அது இறங்கினால் இதயம் தடுமாறும். ஸ்கேனில் வயிற்றிலும் குடலிலும் கோளாறு எதுவும் தெரியவில்லை, புண்ணாக இருக்காது என்றார்கள். மூன்றாம் நாள் மனநல டாக்டரம்மா வந்தார். என்னைவிடச் சின்ன வயசு. மனநலம் என்றதும், தெருவில் என்ன பேசுவார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது, பிள்ளை அப்புறம்தான்.

"அனோரெக்சியாங்கம்மா. பசி இல்லாத நோய் இல்ல. பசிக்கும், நல்லாவே பசிக்கும். எடை கூடிருமோங்கிற பயம் பசியவிடப் பெருசா நிக்கும். ஒரு நாள் பட்டினி கெடந்தா ஏதோ ஜெயிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் அவங்களே நெனச்சாலும் நிறுத்த முடியாது" என்றார். "கொழுப்புப் புடிச்சு ஆடுறான்னு மட்டும் நெனச்சிராதீங்க."

நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்படி ஆரம்பித்தது என்று ரிசுவிடமே கேட்டிருக்கிறார். ஒரு காரணம் மட்டும் இருக்காது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனாலும் அவள் சொன்ன ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. அதற்கு முந்தைய வருஷம், மச்சான் மகள் கல்யாணத்துக்கு அவளுக்குத் துணி தைக்கக் கடையில் நிற்க வைத்து அளவெடுத்தேன். செல்வி எழுதுவதற்காக, வழக்கம்போல எல்லா அளவையும் சத்தமாகச் சொன்னேன். கடையில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி, "அடேயப்பா, அம்மாவத் தாண்டிட்டா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதே வாரம் பள்ளிக்கூடத்தில் எடை பார்க்க வந்தவர்களும் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து எண்ணைச் சத்தமாகத்தான் படித்தார்களாம். இருபது வருஷமாக எத்தனை பெண்களின் அளவை நான் அப்படிக் கூவியிருப்பேன்!

ஆஸ்பத்திரியில் ரிசு சாப்பிடவில்லை. நான் கெஞ்சினேன், அழுதேன், சத்தியம் கேட்டேன், அடிக்கக் கையும் ஓங்கினேன். வாயை இறுக மூடிக்கொள்வாள். நாலாம் நாள் காலையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். மூன்று நாள் பார்ப்போம், அதற்குள் வாயால் சாப்பிட ஆரம்பிக்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுக்க வேண்டும், இதயம் அதற்கு மேல் தாங்காது என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரைக்கு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிற வழி. டவுன் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்தான் என்றார். கையில் ஒரு டிபன் டப்பா. ரிசு என்னிடம், "அம்மா, கொஞ்சம் வெளிய இருங்களேன்" என்றாள். பத்து மாதம் சுமந்து பெற்ற என்னை வெளியே இருக்கச் சொன்னாள். வார்டுக் கதவின் ஓரமாக நின்று பார்த்தேன். டீச்சர் டப்பாவைத் திறந்து தான் ஓர் இட்லியைத் தின்ன ஆரம்பித்தார். மூடியில் இன்னோர் இட்லியை வைத்துக் கட்டிலில் தள்ளிவிட்டார். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோ-கோ டீமில் யார் யாருக்கு என்ன சண்டை என்று பேசிக்கொண்டே இருந்தார். ரிசு அந்த இட்லியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி, கால் மணி நேரத்தில் பாதியைத் தின்றாள்.

நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை, நெஞ்சு பற்றிக்கொண்டது. என் கைச்சோறு தின்று வளர்ந்தவள். அந்த ஆறிப்போன இட்லியில் அப்படி என்ன இருக்கிறது?

மறுநாளும் வந்தார். மறுநாளும் தின்றாள். குவைத்திலிருந்து அவளுடைய அத்தா மத்தியானம் வீடியோவில் வந்து, "அத்தாவும் சாப்புடுறேன், நீயும் சாப்புடும்மா" என்று தன் தட்டைக் காட்டினார். அங்கே சாப்பாட்டு நேரம்கூட ஆகியிருக்காது, மேஸ்திரியிடம் கெஞ்சி நேரம் வாங்கியிருக்கிறார். அவருக்காகவும் இரண்டு வாய் வாங்கினாள். என்னிடம் மட்டும் ஒரு பருக்கை இல்லை.

அதற்கு அடுத்த நாள்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். என் நாத்தனாரிடம் சொல்லி வட்டிலப்பம் செய்து கொண்டுவரச் சொன்னேன். தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்து ஆவியில் வேகவைப்பது, ரிசுவுக்கு உயிர். டீச்சர் வருவதற்குள் என் கையால் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து மணிக்கு அவள் தலையைப் பிடித்து வாயில் திணித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று கரண்டி. முழுங்கினாள். கண்ணில் நீர் வழிய வழிய முழுங்கினாள். எனக்கு அது போதவில்லை, இன்னும் கொடுத்தேன். எல்லாவற்றையும் போர்வையிலேயே வாந்தி எடுத்தாள். நர்ஸம்மா ஓடிவந்தார்.

டாக்டர் திட்டியதை இன்றும் மறக்கவில்லை. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று இனிப்பும் கொழுப்புமாக நிறையக் கொடுத்தால், ரத்தத்தில் உள்ள உப்புகள் தாறுமாறாகி இதயமே நின்றுபோகக்கூடும். அதனால்தான் வேளைக்கு இவ்வளவு என்று அளந்து, ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். "யாரக் கேட்டுக் குடுத்தீங்கம்மா? ஒங்க புள்ளதானே?" என்றார். உடனே ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வருகிற வரைக்கும் நான் பாத்ரூம் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றேன். என் பிள்ளையைப் பட்டினி கொல்லவில்லை, என் பொறாமை கொன்றுவிடப் பார்த்தது.

ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. டீச்சர் வந்து, போர்வை மாற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்தார். அன்று ரிசு அவரிடமும் சாப்பிடவில்லை. அவர் கிளம்பும்போது பின்னாலேயே போய் மாடிப்படியில் நிறுத்தினேன்.

"எனக்கு நேராச் சொல்லுங்க டீச்சர். என் புள்ளைக்கு என்ன வசியம் வச்சீங்க?"

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவே இல்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எங்கிட்ட சாப்புட்டா அதுக்கு ஒண்ணும் இல்லீங்க்கா. சாப்புடாட்டியும் ஒண்ணும் இல்ல. நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருவேன். ஒங்ககிட்ட அப்படியா? ஒரு வாய் வாங்குனா ஒங்க மொகம் மலரும், வாங்காட்டி அழுவீங்க. சோத்தோட ஒங்க மொகத்தையும் சேத்துல்ல அது முழுங்கணும்?" என்றார். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்து, "கடையில கை வேலை இருந்தா எடுத்தாந்து வச்சுக்கங்களேன்" என்றார்.

ராத்திரி முழுக்க அவரை மனசுக்குள் திட்டினேன். காலையில் செல்விக்குப் போன் செய்து, கொக்கி வைக்க வேண்டிய ரவிக்கைகளைக் கொடுத்தனுப்பச் சொன்னேன்.

அன்றுதான் டாக்டர் சொன்ன மூன்றாவது நாள். ஆஸ்பத்திரிக் கஞ்சியை மேஜையில் வைத்துவிட்டு, ரிசுவுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொக்கி தைத்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஊசியில் நூல் கோக்க வராததைப் பற்றிப் பேசினேன். செல்வி மெஷினுக்கு எண்ணெய் விட மறந்ததைப் பற்றிப் பேசினேன். ஒரு ரவிக்கை முடிந்தது. இரண்டாவது ரவிக்கையில் நாலாவது கொக்கி வைக்கும்போது பின்னால் கரண்டி கிண்ணத்தில் உரசியது. திரும்பவில்லை. என் கழுத்து வலித்தது, திரும்பவே இல்லை. ஆறு ரவிக்கை தைத்து முடித்துத்தான் எழுந்தேன். கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ரிசு, "நூலு கோத்துத் தரவாம்மா?" என்றாள்.

குழாய் தேவைப்படவில்லை. பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

இது காய்ச்சல் மாதிரி ஊசி போட்டால் இறங்குகிற நோய் இல்லை. மாதக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ஹெச்.எம்., வகுப்பு டீச்சர், தமயந்தி டீச்சர், நான் நான்கு பேரும் உட்கார்ந்து பேசினோம். மத்தியானம் பி.டி. ரூமில், ஒரே ஒரு தோழியோடும் டீச்சரோடும் ரிசு சாப்பிடுவாள். டாக்டர் சொல்கிற வரை ஓட்டம் கிடையாது, ஆனால் கிரவுண்டில் ஸ்கோர் எழுத அவளையே உட்கார வைப்பார்கள், ஒதுக்கிவைத்த மாதிரி இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் தேர்வு இருந்தால் வேறொரு நாள் எழுதிக்கொள்ளலாம். எந்த டீச்சரும் அவள் உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது. "தேறிட்டியே" என்பதும் அவள் காதில் "குண்டாயிட்டியே" என்றுதான் விழுமாம். இனிமேல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திரைக்குப் பின்னால், ஒவ்வொருவராகத்தான் எடை பார்ப்பது என்றும் ஹெச்.எம். முடிவு செய்தார்கள். என் கடையிலும் இப்போது திரை தொங்குகிறது. அளவைச் சத்தமாகச் சொல்வதில்லை, நானே சீட்டில் எழுதுகிறேன்.

எனக்கென்று அந்தக் கூட்டத்தில் கொடுத்த வேலை, டப்பாவைக் கொடுத்தனுப்புவது. சாயங்காலம் "சாப்புட்டியா?" என்று கேட்கக் கூடாது. அவ்வளவுதான். தாய்க்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பார், நான் டப்பா கழுவ வேண்டும். கழுவினேன். நாலு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு கழுவினேன். நடுவில் இரண்டு தடவை சறுக்கினாள், சோற்றைக் குப்பையில் கொட்டினாள். அதுவும் எனக்கு டீச்சர் சொல்லித்தான் தெரியும். எதுவுமே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

மாதவிலக்கு திரும்ப வந்தால் உடம்பு நம் பக்கம் வருகிறது என்று அர்த்தம் என டாக்டரம்மா சொல்லியிருந்தார். கேட்கக் கூடாது என்று இருந்ததால் நானும் கேட்கவில்லை, காத்துக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ரிசு நேராகக் கடைக்கு வந்தாள். திரைக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய், "அம்மா, எனக்கு வந்துருச்சு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அழுது முடித்ததும் நான் செய்த முதல் காரியம் டீச்சருக்குப் போன் போட்டது. நன்றி சொல்ல இல்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு தடவையாவது நான் அவருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான்.

"டீச்சர், ஒரு விசயம். ரிசுவுக்கு வந்துருச்சு. இப்பத்தான் எங்கிட்ட வந்து சொன்னா."

பஸ் இரைச்சல் கேட்டது. "அப்படியாங்க்கா? ரொம்ப சந்தோசம். நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது" என்றார்.

அந்த ஒரு மணி நேரம் நான் ராணி மாதிரி இருந்தேன். செல்விக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு கழுவுவதற்கு டப்பாவை எடுக்க ரிசுவின் பையைத் திறந்தேன். டப்பாவுக்கு அடியில் நாப்கின் பாக்கெட் ஒன்று பிரித்த நிலையில் இருந்தது. நான் கடையில் வாங்குகிறது இல்லை. கவர்மெண்டு பாக்கெட். டீச்சரின் அலமாரியில் இருந்து வந்தது.

"இத எப்பம்மா வாங்குன?"

"ரெண்டாவது பீரியட்ல."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

ரிசு தலையைக் குனிந்துகொண்டாள். "கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. 'மொதல்ல ஒங்க அம்மாட்ட போயிச் சொல்லு. கையெழுத்து நாளைக்குப் போட்டுக்கலாம்'னாங்க."

காலையிலேயே தெரிந்துகொண்டு, சாயங்காலம் வரை வாயைத் திறக்காமல் இருந்து, போனில் எனக்கு முதலிடத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். விட்டுக்கொடுப்பதிலும் என்னை ஜெயித்துவிட்டார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் ஆத்திரம்தான்.

இந்த ரமலானில் ரிசுவுக்கு நோன்பு இல்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டுவிட்டேன். நோயாளிக்கு மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது, போன வருஷம் நான்தான் போய்க் கேட்கவில்லை. பகலில் நான் நோன்போடு மெஷினில் இருப்பேன், அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலமே அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு மாம்பழ நிறத் துணியை இழுத்து எடுத்தேன். ஐந்து மாதமாகிவிட்டது. ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. மடிப்பை நீவி இஸ்திரி போட்டேன். நோட்டில் நான் எழுதிவைத்த அளவைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லாமல், சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினேன். ரிசு கொக்கி வைத்தாள். திங்கட்கிழமை நானே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையில் கொடுக்கப் போகிறேன். தையலில் மட்டும் அவர் ஒரு குறை சொல்லட்டும், பார்க்கிறேன்.